மூன்று நாள் பயணத்துக்கும் முந்நூறு நாள் பயணத்துக்கும் ஒரே பயமா? விண்வெளி வீரர் உடல்நலம் பற்றி

ஏற்காட்டு டீச்சர் | செவ்வாய், இரவு 8.40

ஏற்காட்டில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். அடுத்த மாதம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. இந்த முறை எரிமலை மாதிரியெல்லாம் வேண்டாம், விண்வெளி வீரர்களைப் பற்றித்தான் செய்வோம் என்று பிள்ளைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். எல்லாம் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லா திரும்பி வந்த நேரம். 2025 ஜூலை 15 அன்று கலிபோர்னியாக் கடலில் இறங்கிய கலத்திலிருந்து அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு மாணவி கேட்டாள்: "போர் விமானம் ஓட்டுகிறவர், அத்தனை பரிசோதனையிலும் தேறியவர். இருபது நாளில் காலே ஓய்ந்துவிட்டதா டீச்சர்?" இன்னொருவன் அதற்கும் மேலே போனான்: "அப்படியென்றால் நம் ககன்யான் கலத்தில் மூன்று நாள் போகிறவர்களையும் தூக்கித்தான் இறக்க வேண்டுமா?"

செய்தித்தாள்களைப் புரட்டினால் எலும்பு கரையும், கண் மங்கும், கதிர்வீச்சு தாக்கும் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எழுதியிருக்கிறார்கள். எது மூன்று நாளுக்கு, எது முந்நூறு நாளுக்கு என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

செவ்வாய்ப்பேட்டை சிஸ்டர் | செவ்வாய், இரவு 9.25

டீச்சர், நான் ஓய்வு பெற்ற செவிலியர். எலும்பு முறிவு வார்டில்தான் அதிக காலம் இருந்தேன். விண்வெளியைப் படித்துத் தெரிந்துகொண்டேன். படுக்கையில் கிடப்பவரின் உடம்பைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றால் சிரிக்காதீர்கள். எடையற்ற நிலையில் உடம்பு என்ன ஆகும் என்று அறிவதற்காக, நல்ல ஆரோக்கியமானவர்களைத் தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்த்திய கட்டிலில் வாரக்கணக்கில் படுக்கவைத்துத்தான் ஆராய்கிறார்கள்.

அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், கால் ஓயவில்லை. இறங்கிய உடனே தொல்லை தருவது இரத்தமும் காதும். இங்கே நாம் நிற்கும்போது இரத்தம் கால் பக்கம் இழுபடுகிறது. அங்கே இழுக்க ஆள் இல்லை; மார்புக்கும் தலைக்கும் ஏறிக்கொள்கிறது. முகம் உப்பிவிடும், கால் மெலிந்துவிடும். 'நீர் கூடிப்போயிற்று' என்று உடம்பு தவறாகக் கணக்குப் போட்டு, இருப்பதையும் குறைத்துவிடுகிறது. இந்தக் குறைந்த இரத்தத்தோடு திரும்பி வந்து எழுந்து நின்றால், இருந்ததும் காலுக்கு இறங்கிவிடும், மூளைக்குப் போதாது. இதற்காகத்தான் இறங்குவதற்கு முன்பு உப்பும் தண்ணீருமாக வயிறு நிறையக் குடிக்கச் சொல்கிறார்கள். காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் உடையும் உண்டு.

வார்டில் இதைப் பார்த்திருக்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து வாரக்கணக்கில் கிடந்தவரை, 'சரியாகிவிட்டதே' என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். முதலில் உதட்டில் நிறம் போகும். மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்வை கட்டும். "ஒன்றுமில்லை சிஸ்டர்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் மடங்கும். அதனால் நாங்கள் முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவோம். அப்புறம் ஓரமாக உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுவோம். கணுக்காலை மேலும் கீழுமாக ஆட்டச் சொல்லி, பிரஷர் பார்த்து, அதன் பிறகுதான் இரண்டு பேர் பிடித்து நிறுத்துவோம். சுக்லாவைப் பிடித்தவர்கள் செய்ததும் அந்த வேலைதான். அதில் இரக்கப்பட ஒன்றுமில்லை.

எலும்புக் கதை நீண்ட பயணத்துக்கு உரியது. உடற்பயிற்சி செய்யாவிட்டால் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் குறையும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஓர் ஆண்டில் ஆகும் இழப்பு அங்கே ஒரு மாதத்தில் ஆகிவிடுகிறது. எலும்பிலிருந்து கழன்ற சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் போகும். சிறுநீரகக் கல் வரும் பயம் அங்கிருந்து தொடங்குகிறது. அதனால்தான் நிலையத்தில் தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். அங்கே இரும்புக் குண்டைத் தூக்குவதில் பொருளில்லை, அதற்கு எடை ஏது? வெற்றிட உருளைகளை இழுத்துத் தள்ளும் ஒரு கருவியை 2008-ல் கொண்டுபோய் வைத்தார்கள். அது வந்த பிறகு இழப்பு நன்றாகவே மட்டுப்பட்டது. மூன்று நாள் போகிறவருக்கு இதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

மிளகுக்கொடி | செவ்வாய், இரவு 9.50

காது என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். சேலத்திலிருந்து மேலே வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஜீப் ஓட்டும் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. பின்னால் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டு வரும் மைத்துனர் பாதி வழியிலேயே எலுமிச்சம்பழம் எங்கே என்று தேடுகிறார். அதுவும் இதுவும் ஒன்றா?

மூன்றாமாண்டு மாணவன் | செவ்வாய், இரவு 10.15

அடிப்படை ஒன்றுதான் அண்ணா. நான் மருத்துவம் படிக்கிறேன், போன பருவத்தில்தான் காது-மூக்கு-தொண்டை முடித்தோம். உட்செவியில் மிக நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. தலை சாய்ந்தால் அவை சாயும். எந்தப் பக்கம் கீழ் என்று மூளைக்குத் தெரியும். உங்கள் மைத்துனரின் காது 'திரும்புகிறோம்' என்கிறது, கண் 'செல்போன் அசையவில்லையே' என்கிறது. வண்டி ஓட்டுகிற உங்களுக்கு வளைவு வருவது முன்பே தெரியும், அதனால் மூளை ஏமாறுவதில்லை. விண்வெளியிலோ அந்தப் படிகங்களுக்கு எடையே இல்லை. காது விழுகிறோம் என்று அலறுகிறது. கண்ணுக்குச் சுவர் அப்படியே நிற்கிறது. போகிறவர்களில் மூன்றில் இரண்டு பேருக்காவது முதல் இரண்டு மூன்று நாள் குமட்டல், வாந்தி, சோர்வு உண்டு. முதல் நாட்களில் விண்நடை, அதாவது கலத்துக்கு வெளியே போய் வேலை செய்வது, வைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். தலைக்கவசத்துக்குள் வாந்தி எடுத்தால் மூச்சே அடைத்துவிடும். தேவைப்பட்டால் புரோமெதசின் ஊசி போடுகிறார்கள்.

டீச்சர், உங்கள் மாணவனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ககன்யான் பயணம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நாள். அதாவது முழுப் பயணமும் அந்தக் குமட்டல் நாட்களுக்குள் அடங்கிவிடுகிறது. உடம்பு பழகி முடிக்கும்போது திரும்ப வேண்டிய நேரம். ஆறு மாதம் போகிறவருக்கு இது ஆரம்ப அவஸ்தை, மூன்று நாள் போகிறவருக்கு இதுதான் முதல் உடல்நலப் பிரச்சினை. செய்தித்தாள் எலும்பைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறது!

ராகேஷ் சர்மா 1984-ல் சல்யூட் 7 நிலையத்தில் யோகாசனம் செய்து பார்த்ததும் வெறும் காட்சிக்காக அல்ல. இந்தக் குமட்டலுக்கு யோகா பயன்படுமா என்பதும் அந்தச் சோதனையின் நோக்கங்களில் ஒன்று.

திரும்பி வந்தவுடன் காது மறுபடி தலைகீழாகும். பழக்கமும் அங்கிருந்தே கூட வந்துவிடும். சுக்லா கட்டிலில் இருந்தபடி மடிக்கணினியை மூடிப் பக்கத்தில் காற்றில் விட்டாராம், மிதக்கும் என்ற நினைப்பில். கீழே கம்பளம் இருந்ததால் பிழைத்தது என்று அவரே சொன்னார்.

பழைய ஃபிட்டர் | புதன், காலை 6.10

சிஸ்டரும் தம்பியும் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பேச்சு தடம் மாறுகிறது. எலும்பு தேய்ந்து எந்த விண்வெளி வீரரும் செத்ததில்லை. குமட்டிச் செத்தவரும் இல்லை. பறப்பில் செத்தவர்கள் ஏறும்போது செத்தார்கள், இறங்கும்போது செத்தார்கள். அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 விநாடியில் போயிற்று. சோவியத் வீரர் கொமரோவ் 1967-ல் பாராசூட் சரியாக விரியாமல் தரையில் மோதினார். கல்பனா சாவ்லாவும் உடன் வந்த ஆறு பேரும் 2003 பிப்ரவரி 1 அன்று தரையிறங்க இன்னும் கால் மணி நேரமே இருந்தபோது போனார்கள்.

பிள்ளைகள் ஒரே ஒரு விபத்தை வைக்க வேண்டும் என்றால் சோயுஸ் 11-ஐ வைக்கச் சொல்லுங்கள். 1971 ஜூன். மூன்று சோவியத் வீரர்கள் சல்யூட் 1 நிலையத்தில் தங்கி, 23 நாள் பயணம் முடித்துத் திரும்பினார்கள். கலத்தின் பாகங்கள் பிரியும்போது ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வேண்டிய பிணைப்புகள் ஒரே நேரத்தில் வெடித்தன. அந்த அதிர்ச்சியில் ஒரு வால்வு திறந்துகொண்டது. தரைக்குச் சில கிலோமீட்டர் மேலே வந்த பிறகு வெளிக்காற்றை உள்ளே விடுவதற்கான வால்வு அது. திறந்தது சுமார் 168 கிலோமீட்டர் உயரத்தில். இரண்டு நிமிடத்துக்குள் உள்ளே காற்று இல்லை. கையால் மூடப் பார்த்திருக்கிறார்கள். மூடி முடிக்கும் நேரம்கூட அவர்களுக்கு நினைவு தங்கவில்லை. பாராசூட் ஒழுங்காக விரிந்தது, கலம் ஒழுங்காக இறங்கியது. மீட்புக் குழு தட்டிப் பார்த்தது, பதில் இல்லை. கதவைத் திறந்தால் மூவரும் இருக்கையிலேயே இருந்தார்கள்.

கலத்தில் காற்று போனாலும் உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் அழுத்த உடை போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். போடாததற்குக் காரணம் கேட்டால் கோபம் வரும். உடையோடு மூன்று பேர் உட்கார உள்ளே இடமில்லை! மூன்று பேரை அனுப்ப வேண்டும் என்ற ஆசையில் உடையை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு இருக்கையைக் கழற்றினார்கள். 1980-ல் சோயுஸ் டி என்ற புதிய வகைக் கலம் வரும்வரை இரண்டு பேர்தான் போனார்கள், உடையோடு. ஆலையில் நீராவிக் குழாயும் வால்வுமாகவே காலம் கழித்தவன் நான். வால்வு கெட்டுப்போகும் என்று எழுதிவைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இதனால்தான் நம் ஆட்கள் செய்யும் சோதனைகளை நான் விடாமல் பார்க்கிறேன். 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் நடுவழியில் கெட்டால் வீரர் பெட்டியைப் பிய்த்துக்கொண்டு போகும் அமைப்பைச் சோதித்தார்கள். முதல் முயற்சியில் கிளம்ப 5 விநாடி இருக்கும்போது கணினியே நிறுத்திவிட்டது. ஏன் என்று பார்த்து, சரிசெய்து, அன்றே விட்டார்கள். பெட்டி கடலில் தலைகீழாக மிதந்தது என்று சிலர் சிரித்தார்கள். நிமிர்த்தும் மிதவை அதில் வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். 2025 ஆகஸ்ட் 24 அன்று சினூக் ஹெலிகாப்டரில் சுமார் 4.8 டன் மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பாராசூட்டுகளைப் பார்த்தார்கள். ககன்யான் பெட்டிக்கு மொத்தம் 10 பாராசூட். கடைசியாக விரியும் மூன்று பெரியவற்றில் ஒன்று விரியாவிட்டாலும் மற்ற இரண்டு போதும் என்றுதான் கணக்கு. மூன்றாவது ஏன் என்று கேட்கிறவர் சோயுஸ் 11-ஐ மறுபடி படிக்கட்டும்.

ஐந்துரோட்டான் | புதன், காலை 7.30

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எச்சரிக்கைக்கும் ஓர் எல்லை வேண்டாமா? சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 2024 ஜூன் 5 அன்று எட்டு நாள் என்று போனவர்கள். அவர்கள் போன ஸ்டார்லைனர் கலத்தில் கோளாறு என்றார்கள். அது செப்டம்பரில் ஆளில்லாமல் வந்து பாலைவனத்தில் பத்திரமாக இறங்கியும்விட்டது. அவர்கள் இருவரும் வேறு கலத்தில் 2025 மார்ச்சில், 286 நாள் கழித்து வந்தார்கள். சிஸ்டர் சொன்ன எலும்பு இழப்பு, கதிர்வீச்சு எல்லாவற்றையும் அந்த இருவர் உடம்பில் ஏற்றிவிட்டு என்ன சாதித்தார்கள்?

பழைய ஃபிட்டர் | புதன், காலை 8.05

பத்திரமாக வந்தது என்பது, ஆளை ஏற்றியிருக்கலாம் என்பதற்குச் சாட்சி ஆகாது. இந்த வாதம்தான் கல்பனா சாவ்லா போன கொலம்பியா விண்கலத்தைக் கொன்றது. கிளம்பி ஒன்றரை நிமிடம் ஆவதற்குள் வெளித் தொட்டியிலிருந்து நுரைக்கட்டி ஒன்று பிய்ந்து இடது இறக்கையில் அடித்தது. படத்தில் தெரிந்தது. செயற்கைக்கோள் மூலம் இறக்கையைப் படம் எடுத்துத் தாருங்கள் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். மேலிடம் அதைத் தொடரவில்லை. ஏன்? 'நுரை பிய்வது வழக்கம்தான், இதற்கு முன்னும் பிய்ந்திருக்கிறது, பத்திரமாக வந்தார்களே!' பதினாறு நாள் அந்த ஓட்டையோடு சுற்றினார்கள்.

ஸ்டார்லைனரின் 28 சிறு உந்திகளில் 5 நிலையத்தை நெருங்கும்போது நின்றுபோயின. நான்கு மீண்டன. ஏன் நின்றன என்பது அப்போது உறுதியாகத் தெரியவில்லை. ஹீலியம் வேறு கசிந்தது. காரணம் தெரியாத கோளாறோடு ஆளை இறக்க மாட்டேன் என்று சொல்ல நாசாவுக்குத் துணிவு இருந்தது. ஆலையில் லைனை நிறுத்துகிற ஆளுக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் நிறுத்தியதால் நடக்காமல் போன விபத்தை யாரும் பதிவேட்டில் எழுத மாட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டை சிஸ்டர் | புதன், காலை 8.50

ஐயா சொன்னதோடு என் பங்குக்கு ஒன்று. அந்த 286 நாளுக்கும் விலை உண்டு, மறைக்க வேண்டாம். நிலையத்தில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு அரை முதல் ஒரு மில்லிசீவர்ட். தரையில் இயற்கையாக நமக்குச் சராசரியாக ஓர் ஆண்டு முழுவதும் கிடைப்பதே 2.4 தான். நாசா ஒருவரின் பணிக்காலம் முழுமைக்கும் 600 என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் இது எண்ணிப் பார்த்து, வரம்பு கட்டி, வைத்தியம் பார்க்கக்கூடிய தீங்கு. உந்தி நின்றால் வைத்தியம் ஏது?

அங்கே வைத்தியம் நடப்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். 2020 ஜனவரியில் மருத்துவ இதழில் வந்தது. ஆளின் பெயரை அவர்கள் வெளியிடவில்லை. ஆறு மாதப் பயணத்தில் இரண்டு மாதம் ஆனபோது, ஓர் ஆய்வுக்காக எடுத்த ஸ்கேனில் ஒருவரின் கழுத்து இரத்தக் குழாயில் இரத்தக் கட்டி தெரிந்தது. வலி, வீக்கம் எதுவும் இல்லை. கீழே இருந்த மருத்துவர்கள் மேலே இருப்பவருக்கு ஸ்கேன் கருவியை எங்கே வைப்பது, எப்படிச் சாய்ப்பது என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்கும் ஊசி மருந்து நிலையத்தில் கொஞ்சம்தான் இருந்தது. அளந்து அளந்து சுமார் 40 நாள் ஓட்டினார்கள். எடையற்ற இடத்தில் குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் உறிஞ்சுவதே பெரும்பாடு, காற்றுக் குமிழியும் மருந்தும் பிரிந்து நிற்காது. அடுத்த சரக்குக் கலத்தில் மாத்திரை வந்து சேர்ந்தது. இறங்கும்போது அடிபட்டால் இரத்தம் நிற்காது என்று, இறங்குவதற்கு நான்கு நாள் முன்பே மாத்திரையை நிறுத்தினார்கள். கீழே வந்த சில நாளில் கட்டி தானாகவே கரைந்துவிட்டது.

அந்த ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் அது யாருக்கும் தெரிந்தே இருக்காது. எனக்கு அதுதான் திகில்.

ஐந்துரோட்டான் | புதன், காலை 9.20

400 கிலோமீட்டர் மேலே இருப்பவருக்கு ஸ்கேன் பார்க்க வழி சொல்கிறார்கள். சேர்வராயன் மலைக்கிராமத்தில் பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு ஸ்கேன் வேண்டுமானால் சேலம்வரை இறங்க வேண்டும். இதையும் கண்காட்சியில் எழுதி ஒட்டுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை சிஸ்டர் | புதன், காலை 9.35

தம்பி, அதை எழுதி ஒட்டத்தான் வேண்டும். நானே ஒட்டுவேன். ஸ்கேன் தெரியாதவர் கையைப் பிடித்து தூரத்திலிருந்து நடத்த முடியும் என்பதை அவர்கள் செய்து காட்டிவிட்டார்கள். மலைக்கு அது ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டிய இடம் இஸ்ரோ அல்ல.

நெறியாளர் | புதன், காலை 10.00

விண்வெளிக்குச் செலவழிக்கலாமா என்பதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே டீச்சரின் கேள்வி மட்டும்.

மிளகுக்கொடி | புதன், மதியம் 1.15

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. சுக்லா மாம்பழச் சாறும் கேரட் அல்வாவும் கொண்டுபோனார் என்று படித்தேன். மாம்பழம் சேலத்தில் வாங்கியதா என்று யாரும் விசாரிக்கவில்லை. நம் மலை மிளகுக்கு அங்கே வாய்ப்பு உண்டா?

மூன்றாமாண்டு மாணவன் | புதன், மாலை 5.40

தூளாக வாய்ப்பில்லை அண்ணா. தூவினால் கீழே விழாது. மிதந்து போய் யார் கண்ணிலாவது, மூக்கிலாவது ஏறும். மிளகை எண்ணெயிலும் உப்பைத் தண்ணீரிலும் கலந்து சொட்டாகத்தான் தருகிறார்கள். ரொட்டித் துண்டும் உதிரும் என்பதால் சப்பாத்தி போன்ற தட்டை ரொட்டிதான் அங்கே செல்லப்பிள்ளை. ஆனால் காரத்துக்கு அங்கே நல்ல கிராக்கி. சிஸ்டர் சொன்னபடி தலைக்கு நீர் ஏறி மூக்கடைத்துக்கொள்வதால் பலருக்கும் சுவை மந்தமாகிவிடுகிறதாம். ககன்யானுக்கான உணவை மைசூருவில் உள்ள பாதுகாப்புத் துறை உணவு ஆய்வகம் செய்கிறது. மிளகுச் சொட்டு வேண்டுமானால் அங்கே எழுதிப் பாருங்கள்.

டீச்சர், கண்ணை விட்டுவிட்டோம். அது நீண்ட பயணப் பட்டியலில்தான் வரும். மாதக்கணக்கில் இருப்பவர்களில் சிலருக்குக் கண்ணின் பின்புறம் சற்றுத் தட்டையாகிறது, பார்வை நரம்பு நுழையும் இடம் வீங்குகிறது. கிட்டத்தில் இருப்பதைப் படிக்கச் சிரமமாகிறது. அதற்கென்று கூடுதல் பவர் கண்ணாடியைக் கையோடு கொண்டுபோகிறார்கள். காரணம் தலைக்கு ஏறும் நீர்தானா, வேறும் சேர்ந்திருக்கிறதா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ஏற்காட்டு டீச்சர் | புதன், இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு மேசை போடப்போகிறார்கள். மூன்று நாள் மேசையில் குமட்டல், தப்பிக்கும் அமைப்பு, அழுத்த உடை, பாராசூட், கடலில் மீட்பு. முந்நூறு நாள் மேசையில் எலும்பு, கண், கதிர்வீச்சு, இரத்தக் கட்டி. சோயுஸ் 11 வால்வை ஒருவன் தக்கையில் செதுக்கத் தொடங்கிவிட்டான். ஃபிட்டர் ஐயா, அவன் உங்களிடம் கேள்வி கேட்பான், தயாராக இருங்கள்.

சிஸ்டரிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு மாணவனைத் தலை தாழ்ந்த பலகையில் ஒரு மணி நேரம் படுக்கவைத்துச் சட்டென்று நிறுத்தி, பார்வையாளர்களுக்குக் காட்டலாமா என்று கேட்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை சிஸ்டர் | புதன், இரவு 8.30

கூடவே கூடாது. விழுந்தால் தலையில் அடிபடும், கண்காட்சி அன்றோடு முடிந்துவிடும். சமமான பெஞ்சில் ஐந்து நிமிடம் படுக்கட்டும். படுத்தபடியே நாடித்துடிப்பை எண்ணுங்கள், பிரஷர் பாருங்கள். பிறகு உட்காரவைத்து, மெதுவாக நிற்கச் சொல்லி, நின்ற ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணுங்கள். துடிப்பு கூடியிருக்கும், இரத்தம் காலுக்கு இறங்கியதை ஈடுகட்ட இதயம் ஓடுவது அது. இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிப் போட்டாலே போதும். பக்கத்தில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையைப் படுக்கவைக்காதீர்கள். பிரஷர் கருவி பள்ளியில் இல்லையென்றால் சொல்லுங்கள், என்னுடையதைச் சனிக்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

பழைய ஃபிட்டர் | புதன், இரவு 9.05

தக்கை வால்வு திறக்கும் திசையைச் சரியாகச் செதுக்கச் சொல்லுங்கள் டீச்சர். படம் எடுத்து இங்கே போடட்டும், பார்த்துச் சொல்கிறேன்.